பின்லாந்து ராணுவத்தில் எத்தனை பேர்? குழப்பும் மூன்று எண்களும் அவற்றின் பின்னணியும்

2023 ஏப்ரல் 4 அன்று பின்லாந்து நேட்டோவின் 31-வது உறுப்பு நாடானது. அப்போதிருந்து அந்நாட்டு ராணுவம் பற்றிய செய்திகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. ஒரு செய்தி அங்கே 13,000 பேர் இருப்பதாகச் சொல்கிறது. இன்னொன்று 2,80,000 என்கிறது. மூன்றாவது, 9 லட்சம் என்று எழுதுகிறது. மொத்தம் 56 லட்சம் மக்கள் வாழும் நாட்டில் 9 லட்சம் படைவீரர்களா என்று வாசகர் திகைப்பது இயல்பு.

மூன்று எண்களும் சரியானவைதாம். ஒவ்வொன்றும் வேறொரு கேள்விக்கு விடை. அந்தக் கேள்விகள் புரிந்துவிட்டால், ஐரோப்பாவின் மற்ற பல நாடுகள் கைவிட்டு, இப்போது அவசரமாகத் திரும்பத் தேடும் ஒரு படையமைப்பு முறையும் புரிந்துவிடும்.

## எண்களைப் பிரித்துப் பார்ப்போம்

1. சம்பளம் பெறுவோர். பின்லாந்து பாதுகாப்புப் படைகளில் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்வோர் ஏறத்தாழ 12,000 முதல் 13,000 பேர். இவர்களில் தொழில்முறை ராணுவத்தினர் சுமார் 8,000 பேர்தான். மற்றவர்கள் சிவில் ஊழியர்கள். சமாதான காலத்தில் இந்த ராணுவத்தினரில் பெரும்பாலானோரின் முதன்மை வேலை, பிறருக்குப் பயிற்சி கொடுப்பது.

2. பயிற்சியில் இருப்போர். ஆண்டுதோறும் 20,000-க்கு மேற்பட்ட இளைஞர்கள் கட்டாய ராணுவ சேவைக்கு வருகிறார்கள். செய்திகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் எண் இதுதான். மற்ற எண்கள் எல்லாம் இதிலிருந்துதான் பிறக்கின்றன.

3. போர்க்கால பலம். நாடு தாக்கப்பட்டால் ஆயுதம், சீருடை, பொறுப்பு ஆகிய மூன்றும் தயாராக உள்ள இடங்கள் 2,80,000. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பெயர் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும். இந்த எண்ணிக்கை மாறாத ஒன்றல்ல. 2010-களின் தொடக்கத்தில் 3,50,000-லிருந்து 2,30,000-ஆகக் குறைக்கப்பட்டது. பிறகு 2017-இல் 2,80,000-ஆக உயர்த்தப்பட்டது.

4. ரிசர்வ். சேவையை முடித்து வீட்டுக்குப் போய், இன்னும் வயது வரம்பைத் தாண்டாதவர்கள் அனைவரும் சேர்ந்தால் ஏறத்தாழ 9 லட்சம். இழப்புகளை ஈடுகட்டவும் தேவைப்பட்டால் படையைப் பெருக்கவும் உதவும் ஆள்வளம் இது. இத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் துப்பாக்கி கொடுக்கும் திட்டம் எதுவும் இல்லை.

எனவே "பின்லாந்து ராணுவம் 13,000 பேர் கொண்ட சிறிய படை" என்று எழுதுவதும் தவறு, "9 லட்சம் பேர் கொண்ட மாபெரும் படை" என்று எழுதுவதும் தவறு. ஒப்பிடுவதற்கு உகந்த எண் போர்க்கால பலமான 2,80,000-தான்.

## ஒரு பதினெட்டு வயது இளைஞன் வழியே

பின்லாந்தில் ஓர் ஆணுக்குப் பதினெட்டு வயது நிறையும் ஆண்டின் இலையுதிர் காலத்தில் அவனுக்கு அழைப்பு வரும். உடல்நிலை பார்க்கப்படும், எந்தப் பிரிவில் எப்போது சேர்வது என்று முடிவு செய்யப்படும். ஆண்டுக்கு இரண்டு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும், புதிய அணிகள் முகாமுக்குள் நுழைகின்றன.

சேவைக் காலம் மூன்று வகைப்படும்: 165 நாட்கள், 255 நாட்கள், 347 நாட்கள். சாதாரணப் பொறுப்புகளுக்கு முதலாவது, தனித்திறன் வேண்டிய பணிகளுக்கு இரண்டாவது. அதிகாரிகளாகவும் பிரிவுத் தலைவர்களாகவும் ஆகப்போகிறவர்களுக்கு மூன்றாவது. முதல் சில வாரங்கள் அடிப்படைப் பயிற்சி. அதில் தேறியவர்களிலிருந்து தலைமைக்குத் தகுதியானவர்கள் பொறுக்கி எடுக்கப்படுகிறார்கள். தரைப்படையின் ரிசர்வ் அதிகாரிகள் ஹமினா நகரத்தில் உள்ள ரிசர்வ் அதிகாரிகள் பள்ளிக்குப் போகிறார்கள்.

347 நாட்கள் என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஜனவரியில் சேர்ந்து தலைமைப் பயிற்சி பெற்றவன், ஜூலையில் வரும் அடுத்த அணிக்குத் தலைவனாக நிற்கிறான். அந்த அணியைத் தானே பழக்கி, கடைசிப் போர்ப் பயிற்சி வரை அழைத்துச் செல்கிறான். பிறகு தலைவனும் அணியும் ஒரே நாளில் சேவை முடித்து வெளியேறுகிறார்கள். அப்படி வெளியேறுவது ஆயத்தமான ஒரு கம்பெனி, அதாவது ஒரு முழுப் படைக்குழு. போர்க்காலத்தில் பெரும்பாலும் அதே மனிதர்கள் அதே வரிசையில் மீண்டும் கூட வேண்டும் என்பதுதான் கணக்கு. பின்லாந்துக்காரர்கள் இதைப் "படை உற்பத்தி" என்ற பொருள்படும் சொல்லால் குறிக்கிறார்கள். இந்த ராணுவத்தைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு கருத்தை மட்டும் நினைவில் வைக்கலாம் என்றால், நான் இதைத்தான் சொல்வேன்.

பெண்களுக்குச் சேவை கட்டாயமில்லை. 1995 முதல் விரும்பினால் சேரலாம். ஆயுதம் ஏந்த மறுக்கும் ஆண்களுக்கு 347 நாள் சிவில் சேவை உண்டு. இரண்டையும் மறுப்பவர் தண்டனை பெறுகிறார். யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்கு 1987 முதல் இருந்த விலக்கு, மற்றவர்களுக்கு இல்லாத சலுகை பாகுபாடாகும் என்ற நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் 2019-இல் நீக்கப்பட்டது. ஓலாந்து தீவுகளின் மக்களுக்கு மட்டும் விலக்கு நீடிக்கிறது. அந்தத் தீவுகள் 1856 முதலே ராணுவம் நிறுத்தக்கூடாத பகுதி.

## இந்த முறை எங்கிருந்து வந்தது?

1809 வரை பின்லாந்து ஸ்வீடன் அரசின் பகுதி. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே ஒரு முறை உருவானது. சில பண்ணைகள் கூடி ஒரு போர்வீரனுக்குக் குடிலும் சிறு நிலமும் கொடுத்துப் பராமரிக்கும். போர் வந்தால் அவன் கிளம்புவான், மற்ற நேரத்தில் உழுதுகொண்டிருப்பான். ஊருக்குள்ளேயே படை வாழும் பழக்கம் அவ்வளவு பழையது.

1809-இல் நாடு ரஷ்யப் பேரரசுக்குக் கீழ் தன்னாட்சிப் பகுதியானது. 1878-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி பின்லாந்துக்கென்றே தனிப் படை அமைந்தது. 1901-இல் ரஷ்யப் பேரரசர் அந்தப் படையைக் கலைத்து, பின்லாந்து இளைஞர்களைப் பேரரசுப் படையில் சேர்க்க முற்பட்டார். ஆயிரக்கணக்கானோர் அழைப்புக்குப் போகவே மறுத்தார்கள். சொந்தப் படை பறிபோன அந்த ஆண்டுகள்தாம் சுதந்திர வேட்கைக்கு எண்ணெய் ஊற்றின. முதல் உலகப் போரின்போது 1,900 இளைஞர்கள் ரகசியமாக ஜெர்மனிக்குப் போய்ப் போர்ப்பயிற்சி பெற்றார்கள். "யேகர்" என்று அழைக்கப்பட்ட இவர்கள்தாம் பிற்காலப் படையின் அதிகாரி வர்க்கம்.

1917 டிசம்பர் 6 அன்று பின்லாந்து சுதந்திரம் அறிவித்தது. அடுத்த மாதமே உள்நாட்டுப் போர் மூண்டது. ஒரு பக்கம் வெள்ளையர் எனப்பட்ட அரசு தரப்பு, மறுபக்கம் தொழிலாளர் இயக்கத்தின் செம்படை. வெள்ளையர் படைக்குத் தலைமை தாங்கியவர், ரஷ்யப் பேரரசுப் படையில் முப்பது ஆண்டுகள் பணியாற்றிய மன்னர்ஹெய்ம். சில மாதங்களில் 36,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும் பகுதியினர் செம்படைத் தரப்பினர். பலர் போர்க்களத்துக்கு வெளியே, மரண தண்டனையாலும் சிறை முகாம்களில் பசியாலும் நோயாலும் மாண்டார்கள். அந்த நாட்டின் ராணுவம் பிறந்தது இப்படிப்பட்ட காயத்தில் என்பதை மறக்கக்கூடாது. கட்டாய சேவை என்பது, தந்தையர் ஒருவரையொருவர் கொன்ற பிறகு மகன்களை ஒரே கூடத்தில் படுக்க வைத்த ஏற்பாடாகவும் இருந்தது.

## 1939: முறை சோதனைக்கு வந்தது

1930-களில் ஒரு முக்கியமான மாற்றம் நடந்தது. அதுவரை, முகாமில் இருக்கும் படைப்பிரிவுகளையே போர் வரும்போது பெருக்குவது வழக்கம். எதிரி திடீரென்று தாக்கினால் அந்தப் பிரிவுகள் எல்லையில் சிக்கிக்கொள்ளும், படையைப் பெருக்க ஆளே இருக்காது. புதிய முறையில் நாடு ஒன்பது ராணுவ மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு மாவட்டமும் தன் ஊர் மக்களிலிருந்து டிவிஷன் எனப்படும் ஒரு பெரும் படைப்பிரிவைத் திரட்ட வேண்டும். முகாமில் உள்ளவர்கள் எல்லையைக் காக்கும்போது பின்னால் இந்தத் திரட்டல் நடக்கும்.

1939 அக்டோபரில் சோவியத் ஒன்றியம் நிலப்பகுதிகளைக் கேட்டு நெருக்கியபோது, பின்லாந்து தன் ரிசர்வ் வீரர்களை "கூடுதல் மறுபயிற்சி" என்ற பெயரில் அழைத்தது. உண்மையில் அது முழுமையான அணிதிரட்டல். போர் தொடங்கிய நவம்பர் 30-க்குள் ஏறக்குறைய எல்லாரும் தங்கள் இடங்களில் இருந்தார்கள். சீருடை போதவில்லை. பலருக்கு ஒரு இடுப்புப் பட்டையும் தொப்பிக்கு ஒரு சின்னமும் துப்பாக்கியும் மட்டுமே கிடைத்தன. மற்ற உடை வீட்டிலிருந்து கொண்டுவந்தது. அன்றைய பிரதமரின் பெயரால் அதற்குக் "காயாண்டர் மாதிரிச் சீருடை" என்று பெயர் வந்தது.

105 நாட்கள் நீடித்த அந்தக் குளிர்காலப் போரின் புகழ்பெற்ற இடங்கள் சுவோமுஸ்ஸால்மியும் ராத்தே சாலையும். காட்டு வழியில் நீண்டு கிடந்த சோவியத் டிவிஷன்களைப் பின்லாந்தின் பனிச்சறுக்குப் படைகள் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் சுற்றி வளைத்தன. இப்படி வளைக்கப்பட்ட துண்டுக்கு அவர்கள் வைத்த பெயர் "மோட்டி". வெட்டி அடுக்கிய ஒரு கன மீட்டர் விறகு என்பது அதன் பொருள். அந்தச் சொல்லிலேயே பின்லாந்து தரப்பில் போரிட வந்தவர்கள் யார் என்பது தெரிகிறது: அவர்கள் மரம் வெட்டி வாழ்ந்த மனிதர்கள், அந்தக் காடு அவர்கள் வேலை செய்த இடம்.

ஆனாலும் அந்தப் போரில் பின்லாந்து வெல்லவில்லை. சுமார் 25,000 பேர் மாண்டார்கள். 1940 மார்ச் 13 அன்று போர் நின்றபோது நாட்டின் பத்தில் ஒரு பங்கு நிலம், வீபுரி நகரம் உட்பட, போய்விட்டது. 4 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் ஊரை விட்டு வெளியேறினார்கள். மிஞ்சியது சுதந்திரம்.

1941-இல் தொடங்கிய இரண்டாவது போரைப் பற்றிப் பேசும்போது பெருமை மட்டும் போதாது. பின்லாந்து அப்போது நாஜி ஜெர்மனியின் பக்கம் நின்று போரிட்டது, இழந்த நிலத்தைத் தாண்டி, சோவியத் பகுதியான கிழக்குக் கரேலியாவையும் பிடித்தது. அங்கே ரஷ்ய மக்களை அடைத்த முகாம்களில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். 1944 செப்டம்பரில் சோவியத் ஒன்றியத்துடன் போர் நிறுத்தம் ஏற்பட்டது. அதன் நிபந்தனைப்படி, வடக்கே இருந்த ஜெர்மானியப் படையை விரட்டும் போரைப் பின்லாந்தே நடத்தியது. அதே நேரத்தில் தன் படையையும் கலைக்க வேண்டியிருந்தது. அதனால் அந்தக் கடைசிப் போரின் இறுதிக் கட்டத்தை நடத்தியவர்கள் பெரும்பாலும் மிக இளைய பயிற்சி வீரர்கள்.

## 1947: ஒப்பந்தம் போட்ட வரம்பு, அதற்குள் கண்ட வழி

இன்றைய அமைப்பின் வேர் 1939-இல் மட்டும் இல்லை. போரில் வென்ற நாடுகளுடன் பின்லாந்து செய்துகொண்ட 1947-ஆம் ஆண்டின் பாரிஸ் சமாதான ஒப்பந்தமும் அதை வடிவமைத்தது. ஒப்பந்தம் விதித்தவை:

1. தரைப்படை 34,400 பேருக்கு மிகக்கூடாது.
2. கடற்படை 4,500 பேர், மொத்தக் கப்பல் எடை 10,000 டன்.
3. விமானப்படை 3,000 பேர், 60 விமானங்கள். குண்டுவீச்சு விமானங்கள் கூடாது.
4. நீர்மூழ்கிகளும் ஏவுகணைகளும் கூடாது.
5. இந்தப் படைகளுக்கு வெளியே யாருக்கும் ராணுவப் பயிற்சி கொடுக்கக்கூடாது.

ஐந்தாவது நிபந்தனை கவனத்துக்குரியது. போருக்கு முன் ஊர்தோறும் இயங்கிய தன்னார்வக் காவல் படை அமைப்பு 1944-லேயே கலைக்கப்பட்டுவிட்டது. இனி அதைப் போல எதையும் தொடங்க முடியாது. ஆனால் படைக்குள் ஒரே நேரத்தில் எத்தனை பேர் இருக்கலாம் என்பதற்குத்தான் வரம்பு இருந்தது. எத்தனை பேர் உள்ளே வந்து பயின்று வெளியே போகலாம் என்பதற்கு வரம்பு இல்லை. குறுகிய கட்டாய சேவை அந்த இடைவெளியில் நின்றது. 1950-ஆம் ஆண்டுச் சட்டம் சேவையை எட்டு முதல் பதினோரு மாதங்களாகக் குறைத்தது. ஆண்டுதோறும் ஒரு தலைமுறை உள்ளே போய் வெளியே வந்தது. முகாம்கள் சிறியதாகவே இருக்க, ரிசர்வ் பெருகிக்கொண்டே போனது.

ஏவுகணைத் தடை 1960-களின் தொடக்கத்தில் தளர்த்தப்பட்டு, தற்காப்பு ஏவுகணைகள் அனுமதிக்கப்பட்டன. 1990-இல், ஜெர்மனி ஒன்றிணையும் வேளையில், ராணுவம் தொடர்பான வரம்புகள் இனி செல்லாது என்று பின்லாந்து தானே அறிவித்தது. 1992-இல் 64 ஹார்னெட் போர் விமானங்களை வாங்க முடிவு செய்தது. 60 என்ற பழைய எல்லையை நான்கால் தாண்டிய எண் அது. 2021 டிசம்பரில் தேர்ந்தெடுத்த எஃப்-35 விமானங்களும் 64-தான்.

## எல்லையில் மட்டும் நிற்பதில்லை

ரஷ்யாவுடனான எல்லை சுமார் 1,340 கிலோமீட்டர். அதன் நீளம் முழுதும் ஆள் நிறுத்த எந்தச் சிறிய நாட்டாலும் முடியாது. 1966-இல் பின்லாந்து "பிரதேசப் பாதுகாப்பு" என்ற கோட்பாட்டுக்கு மாறியது. நாடு ஏழு ராணுவ மாகாணங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொன்றும் தொடர்பு அறுந்தாலும் தனித்துப் போரிட வேண்டும். எதிரி உள்ளே வர வர, ஒவ்வொரு சாலையிலும் பாலத்திலும் தேய்ந்துகொண்டே போக வேண்டும். எண்ணிக்கையில் பெரிய ரிசர்வ் இல்லாமல் இந்தக் கோட்பாடு ஒரு நாளும் செல்லுபடியாகாது.

பீரங்கிப் படைக்குக் கொடுக்கும் முக்கியத்துவமும் இதனோடு சேர்ந்தது. 1944 கோடையில் தாலி–இஹந்தாலாவில் பல பீரங்கிப் பிரிவுகளின் தாக்குதலை ஒரே புள்ளியில் குவித்து சோவியத் படையின் முன்னேற்றத்தை நிறுத்திய அனுபவத்தை அவர்கள் விடவில்லை. கனரக மோர்ட்டார்களையும் ராக்கெட் செலுத்திகளையும் சேர்த்தால் இன்றும் சுமார் 1,500 வைத்திருக்கிறார்கள். மேற்கு ஐரோப்பாவின் பெரிய நாடுகள் பீரங்கிகளை விற்ற காலத்தில் இவர்கள் வாங்கிச் சேர்த்தார்கள். 1960-களில் வடிவமைத்த ஆர்கே 62 துப்பாக்கி இன்னும் கையில் இருப்பதற்கும் காரணம் உண்டு. இருபது ஆண்டுகளுக்குப் பின் அழைக்கப்படும் ஒருவர் தாம் பழகிய கருவியையே திரும்பத் தொட வேண்டும்.

## இன்றைய அமைப்பு, சுருக்கமாக

அரசமைப்புப்படி தலைமைத் தளபதி குடியரசுத் தலைவர். அவருக்குக் கீழ் பாதுகாப்புப் படைகளின் தளபதி. நிதியும் நிர்வாகமும் பாதுகாப்பு அமைச்சகத்தின் கையில்.

தரைப்படையில் பிரிகேட் (டிவிஷனைவிடச் சிறிய படைப்பிரிவு) நிலையில் எட்டு அமைப்புகள் உள்ளன. ஹெல்சிங்கியை ஒட்டிய சாந்தஹமினா தீவில் காவல் யேகர் ரெஜிமென்ட். தென்கிழக்கே வெகரன்யார்வியில் கரேலியா பிரிகேட். கயானியில் கைனூ பிரிகேட். வடகோடியில் சொதங்குலாவிலும் ரோவனியெமியிலும் யேகர் பிரிகேட். மேற்கே போரி பிரிகேட். டாங்குகளுக்குப் பரோலாவில் கவசப் பிரிகேட். சிறப்புப் படைக்கும் ஹெலிகாப்டர்களுக்கும் உட்டியில் ஒரு ரெஜிமென்ட். எட்டாவது, தரைப்படைக் கல்லூரி. பிரிகேட் என்ற பெயரைப் பார்த்து, இவை நாளையே போருக்குக் கிளம்பும் படைகள் என்று எண்ணிவிடக் கூடாது. இவை முதன்மையாகப் பயிற்சிக் கூடங்கள். போர்க்கால பிரிகேட்டுகள் ரிசர்விலிருந்து எழும்.

கடற்படையில் ட்ராக்ஸ்விக்கில் உள்ள நியூலாந்து பிரிகேட் ஸ்வீடிஷ் மொழியில் பயிற்சி அளிக்கிறது. நாட்டின் இரண்டாவது ஆட்சி மொழிக்குரிய இடம் அது. எல்லைக் காவல் படை உள்துறை அமைச்சகத்தின் கீழ் உள்ளது, போர் வந்தால் ராணுவத்தோடு இணைக்கப்படலாம்.

ராணுவத்துக்கு வெளியே உள்ள ஏற்பாடும் இதே கணக்கில் சேர்ந்ததுதான். நாடு முழுதும் சுமார் 50,500 பதுங்கு கூடங்கள், 48 லட்சம் பேருக்கு இடம். பெரிய கட்டடம் கட்டுகிறவர் கூடவே பதுங்கு கூடமும் கட்ட வேண்டும் என்பது சட்டம்.

## நேட்டோவுக்குப் பின் என்ன மாறுகிறது?

பனிப்போர் முடிந்ததும் ஐரோப்பாவில் கட்டாய சேவை பழைய சரக்காகக் கருதப்பட்டது. ஸ்வீடன் 2010-லும் ஜெர்மனி 2011-லும் அதை நிறுத்தின. பின்லாந்து நிறுத்தவில்லை. ஆனாலும் அங்கும் செலவுக் குறைப்பு நடந்தது. 2013, 2014-இல் வடக்குக் கரேலியா பிரிகேட் உட்படப் பல பழைய முகாம்கள் மூடப்பட்டன. அதே 2014-இல் ரஷ்யா கிரைமியாவைக் கைப்பற்றியது. மூடிய முகாமைத் திறப்பது எளிதல்ல. ஸ்வீடன் 2017-இல் கட்டாய சேவைக்குத் திரும்ப முடிவு செய்தபோது பயிற்றுநர்களும் கட்டடங்களும் போதாமல் சிறு எண்ணிக்கையிலேயே தொடங்க முடிந்தது.

நேட்டோவில் சேர்ந்தது மூன்று கேள்விகளை எழுப்பியிருக்கிறது.

1. உள்நாட்டைக் காக்க மட்டும் பழகிய ரிசர்வ் வீரர், இனி வேறு நாட்டின் எல்லைக்கும் போக வேண்டுமா? கூட்டணியின் கடமை இருபுறமும் செல்லும். மற்றவர்கள் இங்கு வருவார்கள் என்றால் இவர்களும் அங்கு போக வேண்டியிருக்கும்.

2. அன்னியப் படைகளுக்கு இடம். 2023 டிசம்பரில் அமெரிக்காவுடன் கையெழுத்தான ஒப்பந்தம் 15 இடங்களை அமெரிக்கப் படைகள் பயன்படுத்த வழிசெய்கிறது. பல பத்தாண்டுகள் எந்த அணியிலும் சேராமல் இருந்த நாட்டுக்கு இது பெரிய திருப்பம்.

3. கண்ணிவெடி. மனிதர்களைக் குறிவைக்கும் கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா ஒப்பந்தத்தில் 2012-இல் சேர்ந்த பின்லாந்து, அதிலிருந்து விலக 2025-இல் நாடாளுமன்ற ஒப்புதல் பெற்றது. நீண்ட எல்லையும் குறைந்த ஆள்பலமும் காரணமாகச் சொல்லப்படுகின்றன. அந்தக் காரணம் புரிகிறது. ஆனால் போர் முடிந்த பின்னும் குழந்தைகளின் கால்களைப் பறிக்கும் ஆயுதம் அது. இந்த முடிவை எளிதாகக் கடந்து செல்ல என் மனம் ஒப்பவில்லை.

இவற்றைவிடப் பெரிய நெருக்கடி தொட்டிலில் இருக்கிறது. 2010-இல் பின்லாந்தில் 60,000-க்கு மேற்பட்ட குழந்தைகள் பிறந்தார்கள். 2023-இல் ஏறத்தாழ 43,000 பேர்தான். ரிசர்வ் வயது வரம்பை 65-ஆக உயர்த்தி, 2031-க்குள் ரிசர்வை 10 லட்சமாக்கும் திட்டத்தை 2025-இல் அரசு முன்வைத்ததற்கும், பெண்களையும் அழைப்பது பற்றிய விவாதம் திரும்பத் திரும்ப எழுவதற்கும் இந்தக் கணக்கு ஒரு முக்கியமான பின்னணி. இன்று ஆண்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் சேவையை முடிக்கிறார்கள். 2023-இல் பிறந்த ஆண் குழந்தைகள் ஏறக்குறைய 22,000 பேர். அவர்களுக்கு 2041 இலையுதிர் காலத்தில் அழைப்பு வரும். விதிகளும் விகிதமும் இப்படியே நீடித்தால், அந்த வயதினரிலிருந்து ரிசர்வுக்குச் சேரும் ஆண்கள் 15,000-ஐக்கூட எட்ட மாட்டார்கள்.